தெள்ளுப்பூச்சியும் கொல்லாமை விரதமும்

வீட்டில் நாயோ பூனையோ வளர்க்கும் சிராவகர் இல்லங்களில் அண்மைக் காலமாக எழுந்து வரும் ஒரு தரும வினாவை இக்கட்டுரையில் ஆராய விழைகின்றோம். வினா சிறியது, தெள்ளுப்பூச்சியின் அளவே உடையது. ஆயினும் அதனுள் புகுந்து நோக்கின், கொல்லாமை என்னும் விரதத்தின் அடிவேர் வரை நம்மை இட்டுச் செல்கிறது.

நாய், பூனைகளின் உடலில் தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் பற்றாதிருக்கச் சொட்டு மருந்து ஒன்று கடைகளில் விற்கப்படுகிறது. சிறு பிளாஸ்டிக் குழலில் அடைத்து வரும் அம்மருந்தை, விலங்கின் இரு தோள்பட்டைகளுக்கும் இடையே, அதன் நாவுக்கு எட்டாத பிடரிப் பகுதியில், மயிரை விலக்கித் தோலின்மேல் இடுதல் வேண்டும். இட்ட மருந்து தோலின் எண்ணெய்ப் பசையோடு கலந்து ஓரிரு நாட்களில் உடலெங்கும் பரவும். அவற்றுள் சில மயிர்க்கால்களை அடுத்த எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, அங்கிருந்து சிறிது சிறிதாக வெளிப்பட்டு, ஏறத்தாழ ஒரு மாத காலம் பூச்சிகளைக் கொன்றுகொண்டே இருக்கும். மாதம் ஒரு முறை, ஒரு நிமிட வேலை, அவ்வளவே. பூச்சி சாவதை நாம் காண்பதும் இல்லை.

இம்மருந்து சில விலங்குகளின் தோலுக்கு ஒவ்வாமல் போகிறது. இட்ட இடம் சிவக்கும், தடிக்கும், அரிக்கும், மயிர் உதிரும். சிலவற்றிற்குப் புண்ணாகவும் ஆகும். மருந்திட்டவர் கைகளிலும், விலங்கைத் தழுவிய பிள்ளைகளின் முகத்திலும் எரிச்சலும் தடிப்பும் தோன்றுவது உண்டு.

நாம் அறிந்த ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததை ஈண்டுக் கூறுவோம். இரவுண்ணாமை தவறாத குடும்பம். குடிநீரை வடித்தே பருகுவர். அவர்கள் வளர்க்கும் நாய் வெண்ணிறச் சிறு சாதி. எடை நான்கு கிலோவைத் தாண்டாது. மழைக்காலத்தில் தெள்ளுப்பூச்சி மிகுந்தமையால் மாதந்தோறும் சொட்டு மருந்து இட்டு வந்தனர். மூன்றாம் மாதம், மருந்திட்ட இடத்தில் ரூபாய் நாணய அளவில் தோல் சிவந்து மயிர் கொட்டியது. தானே சரியாகிவிடும் என்று விட்டுவிட்டனர். நான்காம் மாதம், மருந்திட்ட அன்றிரவே அந்நாயைக் கட்டிக்கொண்டு உறங்கிய பேத்திக்குக் கன்னத்தில் எறும்பு ஊர்வது போன்ற எரிச்சல் உண்டாயிற்று. மறுநாள் மருந்துக் குழல்கள் குப்பைக்குச் சென்றன. "இனி உயிர்க்கொலை வேண்டாமென்று நிறுத்திவிட்டோம், டீச்சர்" என்று அவ்வீட்டு அம்மையார் நம்மிடம் கூறினார்.

நூற்றுக்கணக்கான பூச்சிகள் மாண்டபோது மருந்து நிற்கவில்லை. நாயின் பிடரி ஒரு மாதம் சிவந்திருந்தபோதும் நிற்கவில்லை. பேத்தியின் கன்னம் எரிந்தபோது நின்றது. பேத்தியின் கன்னம் எவர்க்கும் முதன்மையானதே. அதில் நாம் குறை காணவில்லை. ஆனால் அந்த நிறுத்தத்திற்குக் கொல்லாமை என்று பெயரிடலாகுமா? மேலும், மருந்து நின்ற பின் வேறு எதுவும் செய்யப்படவில்லை. இரண்டு மாதங்களில் அந்நாய் தன் வாலின் அடிப்புறத்தைத் தானே கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது.

அம்மருந்தின் தன்மையைச் சிறிது அறிந்துகொண்டு மேலே செல்வோம். இவ்வகைச் சொட்டு மருந்துகள் 1990-களில் பரவலாயின. ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட், பெர்மெத்ரின் என்பன இவற்றுள் நன்கறியப்பட்ட நச்சுப் பொருள்கள். ஃபிப்ரோனில் பூச்சியின் நரம்பை அமைதிப்படுத்தும் வழியை அடைத்துவிடுகிறது. அடங்க இயலாத நரம்புக் கிளர்ச்சியில் பூச்சி துடித்து இறக்கிறது. பெர்மெத்ரின் என்பது செவ்வந்தி இனத்துப் பூ ஒன்றில் இயற்கையாக உள்ள நஞ்சைப் பார்த்துச் செயற்கையாக ஆக்கப்பட்டது. இது மனிதத் தோலில் பட்டால், தோலில் உள்ள நரம்பு நுனிகள் தூண்டப்பெற்று, ஊறலும் எரிச்சலும் தோன்றும். முகத்தில் பட்டால் மிகும். பெரும்பாலும் ஒரு நாளில் தணியும். பூனைக்கோ இதுவே கொடு நஞ்சு. அதன் ஈரல் இதனைச் சிதைக்கும் ஆற்றல் குன்றியது. நாய்க்குரிய பெர்மெத்ரினை அறியாமல் பூனைக்கு இட்டவர் இல்லங்களில் பூனைகள் நடுங்கி, வலிப்புற்று மாண்டுள்ளன. நஞ்சு மட்டுமன்று, அதனைத் தோலில் பரப்பும் பொருட்டுச் சேர்க்கப்படும் ஆல்கஹால் முதலிய கரைப்பான்களும் தோலைத் தடிக்கச் செய்யும். மெட்டாஃபுளூமிசோன், அமிட்ராஸ் என்னும் இரண்டும் கலந்த நாய் மருந்தொன்று, மருந்திட்ட இடத்திற்கு அப்பாலும் கொப்புளங்களை எழுப்பும் ஒரு தோல் நோயைச் சில நாய்களுக்கு உண்டாக்குவது தெரியவந்து, 2011-இல் கைவிடப்பட்டது.

அமெரிக்க நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு 2008 என்னும் ஓர் ஆண்டில் மட்டும், தெள்ளு, உண்ணி மருந்துகளால் விலங்குகளுக்குத் தீங்கு நேர்ந்ததாக 44,000-க்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தன. அத்தனையும் மருந்தினால்தான் என்று உறுதி செய்யப்பட்டவை அல்ல. பெரும்பாலானவை எளிய தோல் எரிச்சலே. எனினும் வலிப்பும் மரணமும் அவற்றுள் இருந்தன. ஆராய்ந்து 2010 மார்ச்சில் அம்முகமை வெளியிட்ட முடிவுகளில் இரண்டு நம் கருத்தைக் கவர்கின்றன. சிறு சாதி நாய்களே மிகுதியும் பாதிக்கப்பட்டன என்பது ஒன்று; நாய்க்குரிய மருந்தைப் பூனைக்கு இட்ட பிழை பல இடங்களில் நிகழ்ந்தது என்பது மற்றொன்று. எடை வரம்புகளை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்க வேண்டும் என்றும் அது கூறிற்று. காரணம் கணக்கறிந்த எவர்க்கும் விளங்கும். ஃபிப்ரோனில் மருந்தின் மிகச் சிறிய நாய்க் குழலில் இருப்பது 0.67 மில்லிலிட்டர், அது 10 கிலோ வரை உள்ள நாய்களுக்கு. 2 கிலோக் குட்டிக்கும் அதே குழல், 10 கிலோ நாய்க்கும் அதே குழல். ஒரு கிலோ உடலுக்கு விழும் மருந்து முன்னதில் ஐந்து மடங்கு. அதற்கு இடம் வைத்தே மருந்தை ஆக்கியிருப்பர் என்பது உண்மை. ஐந்து மடங்கு என்பதும் உண்மை.

உரிமையாளரைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் முதலியோர் 2024-இல் வெளியிட்டது. நாய்க்குச் சொட்டு மருந்திட்டவர்களின் கைகளைக் கழுவிய நீரை அவர்கள் சோதித்தனர். மருந்திட்டு 28 நாட்கள் சென்ற பின்னும் அந்நீரில் மருந்து இருந்தது. நாம் தடவிக் கொடுக்குந்தோறும் சிறிது நம் கைக்கு வருகிறது என்பது பொருள்.

ஆக, ஒரு துளி மூன்று தோல்களைத் தொடுகிறது. பூச்சியின் தோல், நாயின் தோல், நம் தோல். மூன்றாவதன் எரிச்சலை உடனே அறிகின்றோம். இரண்டாவதைச் சில வாரங்கள் கழித்து அறிகின்றோம். முதலாவதை அறிவதே இல்லை.

கொலைக்கு இலக்கணம் கூறப் புகுந்த உமாசுவாமி முனிவர், தத்துவார்த்த சூத்திரத்தில், உயிரைப் பிரித்தல் என்னும் செயலோடு நிறுத்தாமல், அதற்குக் காரணமான பிரமாதத்தையும் சேர்த்தே கூறினார் என்பதை வாசகர்கள் அறிவர். பிரமாதம் என்பதைத் தமிழில் சோர்வு எனலாம், கவனமின்மை எனலாம். கால் வைக்குமிடத்தைப் பார்த்து வைத்தவனின் அடியில் எறும்பொன்று சாமாறு நேர்ந்தால் அவன் கொலையாளி ஆகான். பாராது நடந்தவன், எறும்பு சாகாவிடினும் குற்றமுடையவன். இவ்வளவுகோலை எடுத்துக்கொண்டு சொட்டு மருந்தைப் பார்த்தால், அதன் குறை நஞ்சு என்பதோடு முடிவதில்லை. பாராதிருக்க நம்மைப் பழக்குகிறது என்பதே பெருங்குறை. பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. மாதப் பிறப்பே போதும். நாயின் தோலைப் பார்க்க வேண்டியதில்லை. மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒரு நிமிட வேலை என்பதன் உட்பொருள், ஏனைய நாட்களில் நாயை நோக்க வேண்டாம் என்பதே.

இல்லறத்தார்க்கு நேரும் ஹிம்சையை நான்காக வகுத்து, கருதிச் செய்யும் சங்கல்ப ஹிம்சையை மட்டும் முற்றிலும் விடுக என்றும், வீட்டு வேலையிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேர்வனவற்றை இயன்ற மட்டும் குறைக்க என்றும் நம் ஆசாரியர்கள் விதித்தனர். நாயின் உடலை மொய்த்து அதன் இரத்தத்தைக் குடிக்கும் பூச்சியை, வேறு வழியின்றி மருந்தால் அகற்றுவதைத் தற்காப்பின் பாற்படுத்தலாம். குட்டியொன்று தெள்ளுப்பூச்சி மிகுதியால் இரத்தம் குன்றிச் சாகவும் கூடும் என்பது மருத்துவ நூல் கூறும் உண்மை. ஆயின், இன்னும் வராத பூச்சி வந்தால் சாகட்டும் என்று மாதந்தோறும் நாயின் தோலில் நஞ்சூட்டி வைப்பது எவ்வகையைச் சாரும்? இது கருதிச் செய்வதே என்பது நம் துணிபு. எதிரி வராத வீட்டு வாயிலில் பொறி வைத்தவன், நான் எவரையும் குறிவைக்கவில்லை என்று கூறித் தப்ப இயலாது.

இவ்வளவும் கேட்டு, அப்படியானால் மருந்தை விட்டொழிப்போம் என்று உடனே எழுபவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. சூரத்து நகரில் இருந்த விலங்கு மருத்துவ இல்லத்தைக் கண்ட ஐரோப்பியப் பயணிகள், அங்குப் பூச்சிகளுக்கு இரத்தம் ஊட்டும் பொருட்டு ஓர் ஏழைக்குக் கூலி கொடுத்து இரவெல்லாம் படுக்க வைப்பர் என்று எழுதிச் சென்றனர். நம் சமயத்தை நகைப்போர் கை ஓயாமல் எடுத்தாளும் கதை இது. கதையை அவ்வாறே கொண்டாலும், நம் சமயம் அதற்கு விடை கூறக் கூசாது. பூச்சியிடம் இரக்கம் கொண்டவர் தம் தோலைத் தரவில்லை, பிறன் தோலை விலைக்கு வாங்கித் தந்தார் என்றால், அது அருளறம் அன்று. கூலிக்குப் படுத்தவன் சொறிந்துகொள்ளும்போது அவ்வரிப்பு யார் கணக்கில் ஏறும்? இப்போது நம் இல்லத்து நாயைப் பாருங்கள். மருந்தை நிறுத்திவிட்டு வேறொன்றும் செய்யாமல், எம் கை தூயது என்றிருப்பவர், அந்தப் படுக்கையில் நாயைப் படுக்க வைத்தவர். நாய்க்குக் கூலியும் இல்லை.

நாய் நம்மால் கட்டப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. கொல்லாமை விரதத்திற்கு ஏற்படும் ஐவகைக் குற்றங்களை எண்ணும்போது, அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மிஞ்சிச் சுமை ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல் ஆகியவற்றோடு கட்டி வைத்தலையும் நம் நூல்கள் எண்ணுகின்றன. தெருநாய் ஓரிடத்தில் பூச்சி மிகுந்தால் எழுந்து வேறிடம் போய்ப் படுக்கும். வீட்டு நாய்க்கு நாம் விரித்த துணியே இடம். இன்னும், நம் முன்னோர் வேட்டையாடும் விலங்குகளை இல்லத்தில் வளர்ப்பதை அவ்வளவாக விரும்பியவர்கள் அல்லர். இந்த வினாவே அவர்களுக்கு எழுந்திராது. வளர்க்கத் துணிந்த பின் நமக்கு எழுந்துவிட்டது.

பேனைப் பற்றி நம் முனிவர்கள் மேற்கொண்ட நெறி ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. திகம்பர முனிவர் இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குள் ஒரு முறை தம் தலைமயிரையும் தாடியையும் கையாலேயே களைகின்றார். கேசலோசத்திற்குக் கூறப்படும் காரணங்கள் பல. உடற்பற்றை விடுதலும், எவரிடமும் எதனையும் வேண்டாமையும் அவற்றுள் முதன்மையானவை. ஆயினும், நீண்ட மயிரில் பேன் பிறக்கும், பிறந்தால் சொறிகையிலும் கழுவுகையிலும் மாளும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. முனிவர் பேனைக் கொல்வதில்லை. பேனுக்குத் தம்மை இரையாக்கி அமர்ந்திருப்பதும் இல்லை. அது பிறப்பதற்கு இடமளிப்பதில்லை. வலி யாருடையது என்பதையும் கவனிக்க வேண்டும், அவருடையது.

தெள்ளுப்பூச்சிக்கும் இந்நெறி பொருந்துமா என்று பார்த்தால், வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. பள்ளிகளில் இயற்கைப் பாடம் நடத்திய பழக்கத்தால் இதனைச் சற்று விரித்துரைக்கின்றோம், பொறுத்தருள்க. எறும்பு, பேன் முதலியவற்றோடு ஒப்ப வைத்து மூவறிவுயிராகக் கொள்ளத்தக்க இச்சிற்றுயிர், நாயின் மேல் வாழ்வது முதிர்ந்த பருவத்தில் மட்டுமே. பெண் பூச்சி நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். முட்டைகள் வழுவழுப்பானவை, நாயின் மயிரில் ஒட்டாமல் உதிர்ந்து, அது படுக்கும் துணியிலும் தரையின் இடுக்கிலும் விழும். அவற்றிலிருந்து வரும் புழு ஒளிக்கு அஞ்சித் துணியின் மடிப்புக்குள் நுழைந்து, மேலிருந்து உதிரும் காய்ந்த இரத்தத் துகளைத் தின்று வளர்ந்து, கூடு கட்டி உறங்கும். கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருந்து, அருகில் காலடி அதிர்வும் உடற்சூடும் உணர்ந்ததும் வெளிப்பட்டுத் தாவும். ஒரு வீட்டிலுள்ள தெள்ளுக் கூட்டத்தில் நாயின் மேல் இருப்பது நூற்றில் ஐந்து பங்கே, மற்றவை படுக்கையிலும் தரையிலுமே என்று மதிப்பிடுவர். ஆகவே பூச்சிக்கு நாய் உணவகம் மட்டுமே. பிறந்த வீடு நாம் விரித்த துணி.

எனவே, துணியை நாள்தோறும் உதறுதல், வெயிலில் காயவிடுதல், வாரம் ஒரு முறை துவைத்தல், தரையின் மூலைகளைப் பெருக்குதல், நாயை நாள்தோறும் பேன் சீப்பால் வாருதல் என்னும் இவையே முதல் மருந்து. சீப்பில் வரும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்தால் அது செந்நிறமாகக் கரையும். கரைந்தால் பூச்சி உண்டு, கரையாவிடில் வெறும் மண். இச்சோதனை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். வாருவதற்குக் கால் மணி நேரம் ஆகும். அக்கால் மணியில் நாயின் தோல் முழுவதும் நம் கண்ணில் படும்; சிவப்பு இருந்தால் அன்றே தெரியும். ஒரு நிமிடத்தில் முடிக்காமல் கால் மணி கொடுப்பதுதான் இங்கே விரதம் கேட்கும் விலை.

சீப்பில் அகப்பட்ட பூச்சியைச் சோப்பு நீரில் போடுக என்று கையேடுகள் கூறும். நாம் அவ்வாறு கூற மாட்டோம். புறக்கடையில் நிழலான மண்ணில் விடலாம். அது வேறொரு நாயின் மேல் ஏறாதா, அல்லது பசியால் மாளாதா என்று ஓர் இளைஞர் நம்மிடம் கேட்டார். ஏறும், அல்லது மாளும். முழு விடை அன்று இது. ஆயினும் ஓர் உயிரை நீரில் அமிழ்த்தும் கைக்கும், மண்ணில் இறக்கி விடும் கைக்கும் வேற்றுமை இல்லை என்று நம்மால் ஒப்ப இயலவில்லை. அதுபோல், துணியை வெயிலில் இடுகையில் முட்டையும் புழுவும் உலர்ந்து மாய்வதையும் மறைக்கலாகாது. அடுப்பு மூட்டும்போதும் நெல் குற்றும்போதும் நேரும் ஆரம்ப ஹிம்சையின் இனம் அது. முதல் நாளிலிருந்தே உதறி வந்த துணியில் மாய்வன சில. மூன்று மாதம் மூலையில் கிடந்த துணியில் மாய்வன ஆயிரம். சோம்பலுக்குப் பின் வரும் தூய்மை, தூய்மையே ஆயினும் கொலை மிகுந்தது.

இங்கே கால்நடை மருத்துவர்கள் ஒரு தடையை எழுப்புவர். அதற்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் உண்ணிகள் ஆண்டு முழுதும் உண்டு. பழுப்பு நிற நாய் உண்ணி எர்லிக்கியா, பபீசியா என்னும் கிருமிகளை நாயின் இரத்தத்தில் புகுத்தும். கவனியாவிடில் நாய் சோகை பிடித்து இறக்கும். பூச்சியைக் கண்ட பின் பார்ப்போம் என்று காத்திருப்பது நாயின் உயிரைப் பணயம் வைப்பதாகும் என்பர். ஒரு முறை உண்ணிக் காய்ச்சல் கண்டு பிழைத்த நாயை, உண்ணி மிகுந்த சூழலில் வளர்ப்பவர், மருத்துவர் கூறியபடி மருந்திட்டால் அவரை நாம் பழிக்க மாட்டோம். அவர் நோயைப் பார்த்துத்தான் செய்கின்றார். நாம் மறுப்பது, ஆறாம் மாடியில் தரை தொடாமல் வளரும் நாய்க்கும் நாட்காட்டி பார்த்து மருந்திடுவதை.

வாய்வழி மாத்திரைகளைப் பற்றிச் சிலர் கேட்கின்றனர். 2014-ஐ ஒட்டி வழக்கிற்கு வந்தவை; தோலில் படாமையால் எரிச்சல் இல்லை, பிள்ளைகள் கையிலும் ஒட்டாது. ஆனால் நாயின் இரத்தத்தில் கலந்த நஞ்சைப் பூச்சி கடித்துக் குடித்தே மாள வேண்டும். சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என 2018-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்ததும் உண்டு. இறைச்சிச் சுவையூட்டி வருவன பல என்பதால் நம் இல்லத்தார்க்கு வேறொரு தயக்கமும் எழும். நாயின் தோலும் நம் கையும் தப்பிவிட்டன, ஆகவே சிக்கல் தீர்ந்தது என்று ஒருவர் நினைப்பாராயின், அவர் சிக்கல் எதுவாக இருந்தது என்பது அப்போது வெளிப்பட்டுவிடும்.

மூலிகை என்றால் ஹிம்சை இல்லை என்னும் எண்ணமும் நம்மவரிடம் வேரூன்றியுள்ளது. பூவின் நஞ்சும் நஞ்சே. வேப்பெண்ணெயாலும் பூச்சி மாளும். அடர்ந்த வேப்பெண்ணெய் தோலை அரிக்கும். பூனை நக்கினால் தீங்கு. கற்பூரமும் தேயிலை மர எண்ணெயும் விலங்குகளுக்கு ஆகா. கிராமங்களில் நாய்க்கு மண்ணெண்ணெய் தடவும் வழக்கம் இருந்தது. அது தோலை வெந்துபோகச் செய்யும். இவற்றை விடுதலே நன்று.

மருந்திட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், செய்ய வேண்டியன சில. நாயை அன்றே எடை பார்த்து, அவ்வெடைக்குரிய குழலையே வாங்குக. புண்ணும் சிவப்பும் உள்ள தோலில் இடற்க. கையுறை அணிந்து இட்டு, பின் கையைக் கழுவுக. இட்ட இடம் உலரும் வரை எவரும் தொடற்க. அன்றிரவு பிள்ளைகளோடு படுக்க விடற்க. வீட்டில் பூனை இருப்பின் பெர்மெத்ரின் வேண்டா. முயல் இருப்பின் ஃபிப்ரோனில் அதன்மேல் படலாகாது. மூன்று நாள் தோலைப் பார்த்து வருக. சிவந்தால் மென்மையான சோப்பிட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டி, அம்மருந்தை மறுமுறை இடாது விடுக. மாலையில் பிரதிக்கிரமணம் செய்வோர், இதனையும் அன்றைய குற்றங்களுள் ஒன்றாக எண்ணிக்கொள்ளலாம். வேண்டியதாயிற்று என்பதனால் குற்றம் இல்லாததாகிவிடாது.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பது எஞ்சி நிற்கிறது. இங்கிலாந்தில் வயல்களில் ஃபிப்ரோனில் தெளிக்கும் வழக்கம் இல்லை. எனினும் 20 ஆறுகளில் எடுத்த நீரைச் சோதித்து 2020-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 98 மாதிரிகளில் அது இருந்தது. நாய், பூனைகளின் மேல் இட்ட துளிகளே அதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர். 2025-இல் வெளியான மற்றோர் ஆய்வு, அந்நாட்டுச் சிறு பறவைகள் மெத்தென்றிருக்கும் பொருட்டு விலங்கு மயிரைக் கொண்டு வந்து உள்விரித்த கூடுகளைச் சோதித்தது. சோதித்த கூடுகள் அனைத்திலும் ஃபிப்ரோனில் இருந்தது. மருந்து மிகுந்த கூடுகளில் பொரியாத முட்டையும் இறந்த குஞ்சும் மிகுந்திருந்தன. நாமோ, நீரில் வாழும் கண்காணா உயிர்கள் மாளாதிருக்க, துணியால் நீரை வடித்து, துணியில் தங்கிய உயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே மீண்டும் சேர்ப்பவர்கள். கிணற்றடியிலும் குளத்துப் படியிலும் நாயைக் குளிப்பாட்டும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் உண்டு. மருந்திட்ட நாயைக் குளத்தில் இறக்காமல், வீட்டுப் பின்புறத்தில் குளிப்பாட்டி, அந்நீரைச் செடியில்லாத வறண்ட மண்ணில் ஊற்றுக. உதிர்ந்த மயிரைப் பறவை எடுக்கும்படி வெளியில் எறியாமல் காகிதத்தில் மடித்து வைக்க.